டாக்டர் நிறுத்தச் சொல்லல்லியே

அம்மையின் மாத்திரைப் பெட்டியைத் திண்ணையில் கவிழ்த்துக் கொட்டினேன். பழைய ஓலைப்பெட்டி. பாட்டி காலத்தில் அதில் வெற்றிலை பாக்கு இருந்தது. இப்போது மாத்திரை. முழு அட்டை மூன்று. கத்திரிக்கோலால் வெட்டிய துண்டு பதினொன்று. இரண்டு மாத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு, ஒற்றை மாத்திரைத் துண்டு, மருந்தின் பெயர் பாதியோடு அறுந்துபோன துண்டு. காலாவதித் தேதி எத்தனை துண்டில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? மூன்றில். மீதி எட்டும் என்றைக்கு வாங்கியது, என்றைக்குக் காலாவதியாகும்? யாருக்குத் தெரியும்?

அதற்கு நாலு நாள் முன்னால்தான் அவள் விழுந்திருந்தாள். விடியற்காலம் பாத்ரூம் போக எழுந்தவள், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் அப்படியே சரிந்துவிட்டாள். வயது எழுபத்தொன்று. வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. "கால் வழுக்கீட்டு மக்களே" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நாங்களும் நம்பினோம். ஆனால் இரண்டு வாரமாகவே, எழுந்து நின்றால் கிறக்கமாக வருகிறது, கண் இருட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான். வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். விட்டது என் தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இன்னொருத்தரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்கு மாத்திரை கொடுக்க வந்த பெண். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மையைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, இடது கையில் பிரஷர் பார்த்தார். 94/60. "அம்மா, என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்க? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க." அப்படித்தான் ஓலைப்பெட்டி திண்ணைக்கு வந்தது.

துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவர் இரண்டு அட்டைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை. இரண்டுக்கும் பெயரில் ஓர் எழுத்துகூட ஒற்றுமை கிடையாது. பெயருக்குக் கீழே இருந்ததை விரல் வைத்துக் காட்டினார். டெல்மிசார்டான் 40. இன்னொன்றிலும் டெல்மிசார்டான் 40, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்ற நீர் மாத்திரை. ஒரே மருந்து, இரண்டு பெயரில். பிரஷரைக் குறைக்கிற மாத்திரை இரண்டு மடங்கு, அதன்மேல் உடம்புத் தண்ணீரை வெளியேற்றுகிற மாத்திரையும். ஒரு மாதமாக அம்மை காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள். எழுந்தால் ஏன் கிறங்காது?

நடந்தது இதுதான். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் எழுதியது நீல அட்டை. நாலு வருஷமாக ஓடுகிறது. போன மாதம் படபடப்பு என்று வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே புதுச் சீட்டு, பச்சை அட்டை. பழசுக்குப் பதிலாகத்தான் புதுசு என்று அந்த டாக்டர் மனசில் நினைத்திருக்கலாம். சீட்டில் அப்படி எழுதவில்லை. வாயால் சொல்லவும் இல்லை. பழைய மாத்திரை என்ன என்று கேட்கவும் இல்லை. நாங்களும் எடுத்துக் காட்டவில்லை. "ஏன்மா ரெண்டையும் சாப்பிட்டே?" என்று கேட்டேன். "பழசை டாக்டர் நிறுத்தச் சொல்லல்லியே மக்களே" என்றாள்.

அவள் சொன்னதில் என்ன பிழை? ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரை, நீயாக நிறுத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் நிறுத்தவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டவள் கை முறிந்து கிடக்கிறாள்.

சரி, அவளுக்குத் தெரியாது. எனக்கு? சீட்டைக் கையில் வாங்கினது நான். மருந்துக்கடையில் காசு கொடுத்தது நான். எனக்கும்தான் தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுவோம். 1838லேயே நெய்யூரில் மிஷன் வைத்தியம் வந்த ஊர்கள் இவை. ஆசாரிப்பள்ளத்தில் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. இவ்வளவும் இருந்து, தினமும் வாயில் போடுகிற மாத்திரையின் பெயரை ஒரு வீட்டில் ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியவில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்ள?

வாசிக்க எப்படி வரும், சொல்லுங்கள். பளபளக்கிற வெள்ளித் தாள். அதன்மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மருந்தின் உண்மையான பெயரை பிராண்டு பெயரைவிட இரண்டு அளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018ல் விதி கொண்டு வந்தார்கள். நல்ல விதி. ஆனால் திண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அந்தப் பெரிய எழுத்தும் தெரிகிறது. பிராண்டு பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டு எழுத்துதான் இன்னும் மோசம். 'எச்' என்றால் நீர் மாத்திரை சேர்ந்தது. 'ஏஎம்' என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. ஒற்றை எழுத்தில் மருந்தே மாறிப்போகிறது. இது யாருக்குத் தெரியும்? பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் எழுத்து விடாமல் வாசிப்பவள் என் அம்மை. பெட்டியிலிருந்த அந்தப் பதினாலில் ஒன்றிலாவது தமிழில் ஒரு சொல் இருந்ததா? இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கிற 300 பிராண்டுகளின் உறையில் க்யூஆர் கோடு கட்டாயம். செல்போனைக் காட்டினால் விவரம் வரும். பட்டன் போன் வைத்திருக்கும் கிழவி எதைக் காட்டுவாள்? காட்டத்தான் அந்தக் கோடு கத்திரிக்கோலுக்குத் தப்பி மிஞ்சியிருக்கிறதா?

அதனால் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். வெள்ளை வட்டம் காலையில், ரோஸ் ராத்திரியில். கடையில் ஒருநாள் அந்தக் கம்பெனி இல்லை என்று வேறு கம்பெனி கொடுப்பார்கள். "அதே மருந்துதாம்மா." உண்மையாகவே அதே மருந்தாக இருக்கும். ஆனால் நிறம் மாறிவிட்டதே! வீட்டுக்கு வந்ததும் பழைய வெள்ளையில் மிச்சம் நாலும் ஓடும், புது மஞ்சளும் ஓடும். எத்தனை வீட்டில் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறதோ!

அட்டையை வெட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. வெட்டுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பத்து மாத்திரைக்குக் காசில்லாதவர் ஆறு கேட்பார். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேதி இருக்கிற நுனியை முதலில் வெட்டிவிட்டால் மீதியை யார் எப்படி நம்புவது? வெட்டுகிற துண்டைப் போடும் காகித உறையில் மருந்தின் பெயர், தேதி, காலையா ராத்திரியா என்று தமிழில் மூன்று வார்த்தை எழுதக் கூடாதா? அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று. காலி அட்டையை நீட்டி "இதே மாதிரி ஒண்ணு தாங்க அண்ணாச்சி" என்றால் வந்துவிடுகிறது. கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு கடையில் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. டெல்மிசார்டான் ஈரத்தை இழுக்கிற மருந்து. சாப்பிடுகிற நேரத்தில்தான் தாளைக் கிழித்து எடுக்க வேண்டும். நம் ஊர் எப்படிப்பட்ட ஊர்? ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. ஜாடியில் உப்பு கசியும். பொரித்த பப்படம் பந்தி முடிவதற்குள் நமுத்துப் போகும். இந்த ஈரத்தில், வெட்டும்போதே ஓரம் பிரிந்துபோன துண்டுகள் ஓலைப்பெட்டிக்குள் கிடக்கின்றன. அன்பாக நாம் வாங்கிக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, ஞாயிறு திங்கள் என்று ஏழு அறை போட்டது? அதில் ஒரு வாரத்து டெல்மிசார்டானையும் உரித்துப் போட்டு வைக்கிறோம். நானும் போட்டு வைத்திருக்கிறேன். அது கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் படபடப்பு நாளுக்கு வருகிறேன். மூன்றாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்தவளை உட்கார்ந்ததும் உட்காராததுமாக, சேலைக்கு மேலே போட்டிருந்த ஸ்வெட்டர் கையைக்கூட விலக்காமல் பட்டையைச் சுற்றினார்கள். "எத்தனை நாளா படபடப்பு?" என்று கேள்வி, அவள் பதில் சொல்லச் சொல்ல மெஷின் ஓடுகிறது. 168 வந்தது. முறைப்படி என்ன செய்ய வேண்டும்? ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் படிந்திருக்க, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேச்சில்லாமல், வெறும் கையில் பார்க்க வேண்டும். சிறிது இடைவெளி விட்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காப்பி, சாயா குடித்திருக்கக் கூடாது. அந்த ஐந்து நிமிஷம் அவளுக்குக் கிடைத்திருந்தால் அந்த 168 வந்திருக்குமா? பச்சை அட்டை வீட்டுக்கு வந்திருக்குமா? வரிசையில் அறுபது டோக்கன் என்கிறார்கள். தெரியும். டாக்டரும் மனுஷர்தான். ஆனால் நாலு வருஷ வைத்தியத்தை மாற்றுவதற்கு இரண்டு நிமிஷம்தானா? மருந்தின் பொதுப்பெயரை, தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016லேயே விதியைத் திருத்தியது. சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இன்னும் எனக்கு வாசிக்க வரவில்லை.

கை முறிந்ததும் போன ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேளுங்கள். கட்டுப் போட்டு, வலிக்கு மாத்திரை எழுதினார்கள். பத்து நாளைக்கு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று ஒரு வார்த்தை? கிடையாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கே கேடு. நம் ஊரில் முழங்கால் வலி இல்லாத வீடு உண்டா? மெடிக்கலில் போய் "கால்வலிக்கு ரெண்டு தாங்க" என்று வாங்கிப் போடாத கிழவன் கிழவி உண்டா? ஜலதோஷ மாத்திரையிலும் பிரஷரை ஏற்றுகிற சரக்கு கலந்திருக்கும். பிரஷர்காரர் என்று வாயைத் திறந்து சொன்னால்தான் வேறு தருவார்கள்.

என் சித்தப்பா கதை இதைவிட நீளம். அவருக்கு ராமிப்ரில். அந்த வகை மாத்திரையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். வந்தது. இருமலுக்கு சிரப். குறையவில்லை. எக்ஸ்ரே எடுத்தார். சளிப் பரிசோதனை செய்தார். பிறகு யாரோ சொல்லி அதிமதுரம் வாங்கி நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டார். அதிமதுரம் அதிகமானால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். ஏறியது. ஏறினதைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இருமலும் கூடியது. இப்படி நாலு மாதம். கடைசியில் ஒரு டாக்டர் மாத்திரையின் வகையை மாற்றினார். சில வாரத்தில் இருமல் நின்றது. "மாத்திரையாலதான் இருமலா? முதல்லயே சொல்லியிருக்கப்பிடாதா?" என்று சித்தப்பா கேட்டபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நாட்டு மருந்தில் பக்கவிளைவே கிடையாது என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. வர்ம வைத்தியமும் சித்த வைத்தியமும் வேரோடிய மண் இது. அதை மதிக்கிறவன்தான் நான். மதிப்பதால்தான் சொல்கிறேன், அதுவும் மருந்து. மருந்தென்றால் வேலை செய்யும், வேண்டாததையும் செய்யும். சர்ப்பகந்தி வேர் பிரஷரைக் குறைக்கும் என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்கே காட்டினார். அந்த வேரிலிருந்துதான் ரிசர்பின் வந்தது. அளவு கூடினால் மனச்சோர்வில் தள்ளக்கூடிய மருந்து அது. டாக்டரிடம் கஷாயத்தைச் சொல்லாமலும், வைத்தியரிடம் மாத்திரையைச் சொல்லாமலும் இரண்டையும் சேர்த்துக் குடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எந்த ஆசானுக்குத் தெரியும்?

நம் பக்கத்துத் தப்புக்கும் குறைவில்லை. ஒருநாள் 120/80 என்று வந்தால் குணமாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிடுகிறோம். மாத்திரை சாப்பிட்டதால்தான் 120 வந்தது என்பது உறைப்பதில்லை. அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலிவரை போகலாம். குளோனிடினை நிறுத்தினால் பிரஷர் எகிறும். நேற்று மறந்ததற்கு இன்று இரண்டாகப் போடுகிறோம். அதுவும் கூடாது. தலைவலி என்றால் "பிரஷராத்தான் இருக்கும்" என்று அடுத்த வீட்டு மாத்திரையில் ஒன்று வாங்கி விழுங்குகிறோம். டெல்மிசார்டான், ராமிப்ரில் வகை கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. மாமியார் மாத்திரையை மருமகளுக்குக் கொடுக்கிற வீடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இளநீர் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர் டெல்மிசார்டானும் சாப்பிட்டுக்கொண்டு தினம் இரண்டு இளநீர் குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவா? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புத்தளம் உப்பளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்குக் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் உப்பேரியும் இல்லாமல் கஞ்சி இறங்குமா?

ஆனால் எல்லாவற்றையும் ஜனங்கள் தலையில் கட்டுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மைனி நீர் மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் விட்டுவிடுகிறாள். அலட்சியம் என்று டாக்டர் திட்டினார். அந்த மூன்று நாளும் அவள் பஸ்ஸில் வேலைக்குப் போகிற நாள். போக ஒன்றே கால் மணி, வர ஒன்றே கால் மணி. வழியில் ஒரு பெண் நம்பி நுழையக்கூடிய கழிப்பறை இல்லை. மாத்திரையைப் போட்டால் அடக்க முடியாது. அவள் என்ன செய்வாள்? ஏன் விட்டாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நேரத்தை மாற்றியோ மருந்தை மாற்றியோ கொடுத்திருக்கலாம்.

2020ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வு சொன்னது: பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. நூற்றுக்கு ஏழு பேர்! அந்த நிலைமையில்தான் 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. 2024ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. மாத்திரை வாசல்வரை வந்துவிட்டது, பெரிய காரியம். அன்றைக்கு எங்கள் திண்ணையில் உட்கார்ந்த பெண் கூடுதலாகக் கொடுத்தது பத்து நிமிஷம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்து, சொல்லிவிட்டுப் போன பத்து நிமிஷம். அது ஏன் டாக்டர் மேஜையில் இல்லை? ஏன் மருந்துக்கடைக் கவுன்டரில் இல்லை? காசு கொடுத்துப் போகிற இடத்தில் கிடைக்காதது, காசு வாங்காத ஒரு பெண்ணிடம் கிடைத்ததே!

அன்று சாயங்காலமே பெட்டியோடு பழைய டாக்டரிடம் போனோம். முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பச்சையை நிறுத்தினார். வலி மாத்திரையை மாற்றினார். ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, சரியாக இருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மருந்தின் பெயர், எதற்கு, எப்போது, யார் எழுதியது, என்றைக்கு எழுதியது என்று தமிழில் பெரிதாக எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மை தினமும் வாசித்துப் பார்த்துத்தான் மாத்திரையைக் கிழிக்கிறாள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளின் போட்டோவும் பெட்டியும் கூடவே வருகின்றன. "இது பழசோடயா, பழசுக்குப் பதிலா?" என்று சீட்டு வாங்குகிற இடத்திலேயே கேட்டுவிடுகிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும், பிஸ்கட் டின்னோ, துணிப்பையோ. இன்றைக்கு ராத்திரியே கொட்டிப் பாருங்கள். பிராண்டு பெயரை விட்டுவிடுங்கள், மருந்தின் உண்மையான பெயரை வாசியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். எழுந்தால் கிறங்குகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், வயசு என்று விட்டுவிடாதீர்கள்.